நிக்ஸ்: திபடோவை மாற்றத்தான் வேண்டுமா?

பேஸ்லைன் | ஜூன் 1, 2025, காலை 9:20

ஆறாவது ஆட்டமும் போச்சு. 125-108. இரண்டாம் பாதி முழுக்க இந்தியானா பேசர்ஸ் ஓடினார்கள், நம் நியூயார்க் நிக்ஸ் பின்னாலேயே நடந்தார்கள். 25 வருடம் கழித்து NBA கூடைப்பந்து லீகின் கிழக்கு கான்ஃபரன்ஸ் ஃபைனலுக்கு, அதாவது இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு, வந்த அணி. அதுவும் நடப்புச் சாம்பியன் பாஸ்டனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த அணி. வருத்தம் இருக்கத்தான் செய்யும். அதை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று கேட்கிறேன்: அடுத்த சீசனும் டாம் திபடோதான் கோச்சா?

என்னைக் கேட்டால் வேண்டாம். 51 வெற்றி நல்ல கணக்குதான். ஆனால் இந்த அணியைக் கட்ட என்ன விலை கொடுத்தோம்? மிகால் பிரிட்ஜஸ் ஒருவருக்கு மட்டும் ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை). டவுன்ஸுக்காக ராண்டில், டிவின்சென்சோ. இவ்வளவும் கொடுத்தது கான்ஃபரன்ஸ் ஃபைனலில் தோற்கவா? பிரன்சன், ஹார்ட், பிரிட்ஜஸ், அனுனோபி, டவுன்ஸ் என்ற ஐவர் கூட்டணி லீகிலேயே அதிக நிமிடம் சேர்ந்து ஆடியது. பிளேஆஃபில் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) அதே ஐவர் களத்தில் நின்ற நேரத்தில் அணி மொத்தமாகப் பின்தங்கியது. இது முதல் சுற்றில் டெட்ராய்ட்டுக்கு எதிராகவே தெரிய ஆரம்பித்துவிட்டது. அதை மாற்ற இந்தியானாவிடம் 0-2 ஆகும்வரை காத்திருந்தார்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டாமல் சொல்லுங்கள்.

பழைய புல்ஸ் | ஜூன் 1, காலை 10:05

திட்டமாட்டேன், ஒரு கதை சொல்கிறேன். நான் சிகாகோ ரசிகன், பேரைப் பார்த்தாலே தெரியும்.

2015. திபடோ 50 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த சீசன். கிளீவ்லாந்திடம் இரண்டாம் சுற்றில் தோற்றோம். மேலிடத்துக்கும் அவருக்கும் ஆகவில்லை, அனுப்பிவிட்டார்கள். அப்போது நாங்களும் நீங்கள் எழுதியதைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம்: "இவரால் இதற்கு மேல் கொண்டுபோக முடியாது, ஆட்டக்காரர்களைப் பிழிகிறார், நவீனமான கோச் வேண்டும்." நவீனமான கோச்சாக ஃப்ரெட் ஹாய்பெர்க் வந்தார். அடுத்த சீசன் 42 வெற்றி, 40 தோல்வி, பிளேஆஃபே இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை புல்ஸ் ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட ஜெயிக்கவில்லை. பத்து வருடம் ஆச்சு.

மேலே போகத்தான் மாற்றுகிறோம் என்று எல்லா அணியும் சொல்லும். கீழேயும் மாடி இருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஜெர்சி அக்கா | ஜூன் 1, காலை 10:40

இங்கே இரவு ஒன்று தாண்டிவிட்டது, தூக்கம் வரவில்லை. அதனால் நானும் எழுதுகிறேன்.

உங்களில் பலர் பிரன்சன் வந்த பிறகு நிக்ஸ் பார்க்க ஆரம்பித்தவர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. நான் 17-65 சீசனையும் முழுசாகப் பார்த்தவள். ஃபிஷர், ராம்பிஸ், ஹார்னசெக், ஃபிஸ்டேல் என்று கோச் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் "புது அத்தியாயம்" என்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். ஏழு வருடம் தொடர்ந்து பிளேஆஃப் கிடையாது. 2001-லிருந்து 2020 வரை இந்த அணி ஜெயித்தது ஒரே ஒரு பிளேஆஃப் தொடர், 2013-இல். திபடோ வந்த ஐந்து வருடத்தில் நாலு தொடர். வந்த முதல் சீசனிலேயே, ராண்டிலையும் ஒரு டஜன் அநாமதேயங்களையும் வைத்து 41-31, நாலாவது இடம், ஆண்டின் சிறந்த கோச் விருது.

பேஸ்லைன் தம்பி, "கான்ஃபரன்ஸ் ஃபைனலில் தோற்கவா" என்று கேட்கிறாய் பார், அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலைக்கு இந்த அணியைக் கொண்டுவந்ததே அவர்தான்.

ஆறாவது ஆள் | ஜூன் 1, பகல் 12:15

நன்றியுணர்ச்சி வேறு, அடுத்த சீசன் வேறு அக்கா. ஆட்டத்தைப் பேசுவோம்.

பேசர்ஸ் செய்தது சிக்கலான காரியமே இல்லை. பிரன்சன் பந்தோடு வரும்போது நெம்ஹார்ட் களத்தின் மறுமுனையிலிருந்தே ஒட்டிக்கொண்டார். அவர் களைத்தால் நெஸ்மித், அவரும் களைத்தால் ஷெப்பர்ட். அவர்கள் கோச் கார்லைல் ஒன்பது பத்து பேரை மாற்றி மாற்றி இறக்கினார், ஒவ்வொருவரும் நிற்கிற நேரத்தில் முழு வேகத்தில் ஓடினார்கள். நம் பக்கம் அதே ஐவர். நாலாவது குவார்ட்டரில் கால் யாருக்கு இருக்கும்?

அடுத்தது டவுன்ஸ். பிரன்சனையும் டவுன்ஸையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் எதிரணி அந்த இருவரையும் ஒரே பிக் அண்ட் ரோலுக்குள் (ஒருவர் தடுப்பாக நின்று பந்து வைத்திருப்பவருக்கு வழி உண்டாக்கும் ஆட்டம்) இழுத்துவிடும். டவுன்ஸ் முன்னால் வந்தால் பின்னால் இடம், பின்னால் நின்றால் ஹாலிபர்ட்டனுக்கு திறந்த ஷாட். வளையத்தைக் காக்கும் ராபின்சன் உள்ளே நின்றால் இந்த ஓட்டை பாதி அடைபடும். மூன்றாம் ஆட்டத்தில் ஹார்ட்டை பெஞ்சில் வைத்து ராபின்சனை முதலிலேயே இறக்கினார், டெலான் ரைட்டுக்கும் ஷாமெட்டுக்கும் திடீரென்று நிமிடம் கொடுத்தார். 20 பாயிண்ட் பின்தங்கியிருந்து 106-100 என்று ஜெயித்தோம். அப்போ இந்த மருந்து கையிலேயே இருந்தது. அதை எடுக்க மே மாதக் கடைசி வரை ஏன் ஆனது?

பெஞ்ச் கொடுத்த பாயிண்டில் லீகிலேயே கடைசி நாம். பெஞ்சில் ஆள் இல்லை என்பார்கள். ஆடவிடாத ஆள் எப்படி ஆளாவான்? ஓபி டாப்பினை நினைத்துப் பாருங்கள். 2020 டிராஃப்டில் எட்டாவதாக எடுத்த பையன், இங்கே ராண்டில் நிழலிலேயே காய்ந்தான். இரண்டு இரண்டாம் சுற்று பிக்குக்கு இந்தியானாவுக்குத் தள்ளிவிட்டோம். இந்தத் தொடரில் அவன் எந்தச் சட்டையில் ஆடினான் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய புல்ஸ் | ஜூன் 1, பகல் 1:00

ராபின்சன் கணுக்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு களத்துக்கு வந்ததே பிப்ரவரி கடைசியில். ஐந்து மாதம் இல்லாத ஆளை வைத்து எந்த ரொட்டேஷனை (ஆள் மாற்றும் வரிசையை) பழக்குவது? அனுனோபி, பிரிட்ஜஸ், டவுன்ஸ் மூவரையும் வாங்க பெஞ்சையே விற்றது மேலிடம். டிவின்சென்சோ இருந்திருந்தால் இந்தத் தொடரே வேறு. அதற்கும் திபடோவா பொறுப்பு?

பேஸ்லைன் | ஜூன் 1, பகல் 1:30

பாதி பொறுப்பு. சரி, முதல் ஆட்டத்துக்கு யார் பொறுப்பு? நம் சொந்தக் களமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில், மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது 14 பாயிண்ட் முன்னால் இருந்தோம். அந்த முன்னிலையைத் தந்த 14-0 ஓட்டம் பிரன்சன் ஐந்தாவது ஃபவுலோடு (ஆறானால் வெளியே) பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வந்தது, அதையும் கவனியுங்கள். அப்புறம் நெஸ்மித் ஒருவரே நாலாவது குவார்ட்டரில் ஆறு த்ரீ (மூன்று பாயிண்ட் ஷாட்) போட்டார். மூன்றாவது விழுந்ததும் டைம்-அவுட் எடுத்து அவர் மேல் ஆளை மாற்றியிருக்க வேண்டாமா? கடைசியில் ஹாலிபர்ட்டன் போட்டது வளையத்தின் பின்பக்கம் பட்டு வானத்துக்குப் போய் உள்ளே விழுந்தது. 125-125, ஓவர்டைம், 138-135. அந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்திருந்தால் தொடரின் போக்கே மாறியிருக்கும்.

ஜெர்சி அக்கா | ஜூன் 1, மாலை 6:10

நெஸ்மித் அன்றைக்கு கண்ணைக் கட்டிவிட்டிருந்தாலும் போட்டிருப்பார். கோச் என்ன, அந்த ஐந்து நிமிடத்துக்கு யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஃப்ரீ த்ரோவை விட்டதும் பந்தைத் தொலைத்ததும் ஆட்டக்காரர்கள். ஹாலிபர்ட்டன் அது த்ரீ, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கழுத்தைப் பிடித்துக் காட்டினாரே, பழைய பேசர்ஸ் நட்சத்திரம் ரெஜி மில்லர் செய்த அதே சைகை, அது எனக்கு இன்னும் எரிகிறது. அது தனிக்கதை.

இன்னொன்று. ஆறாவது ஆட்டம் முடிந்ததும் பிரன்சனிடம் "திபடோதான் சரியான ஆளா" என்று கேட்டார்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். அணியின் தலைவன் நிற்கிற இடம் அது. அவரைச் சமாதானப்படுத்தாமல் கோச்சை மாற்ற முடியுமா?

விசில் | ஜூன் 1, இரவு 8:45

எல்லாம் சரி. அவர் போனால் யார் வருவார்? அதை இதுவரை ஒருவரும் எழுதவில்லை.

ஆறாவது ஆள் | ஜூன் 1, இரவு 9:30

வேலை இல்லாமல் இருப்பவர்களில் பெரிய பெயர் மைக்கேல் மலோன். 2023-இல் டென்வருக்குக் கோப்பை வாங்கித் தந்தவர், இந்த ஏப்ரலில் மூன்று ஆட்டம் மிச்சம் இருக்கும்போது அனுப்பப்பட்டார். மெம்ஃபிஸின் டெய்லர் ஜென்கின்ஸ் இருக்கிறார். மைக் பிரவுன் இருக்கிறார். கிடைக்கமாட்டார்கள் என்று சொல்ல முடியாது.

மாற்றிப் பலன் கண்டவர்களும் உண்டு. கோல்டன் ஸ்டேட், 2014. மார்க் ஜாக்சன் 51 வெற்றி. இந்த நிக்ஸ் மாதிரியே. முதல் சுற்றில் ஏழாவது ஆட்டத்தில் கிளிப்பர்ஸிடம் தோற்றார்கள், அனுப்பினார்கள். கிட்டத்தட்ட அதே ஆட்டக்காரர்களை வைத்து ஸ்டீவ் கெர் 67 வெற்றி, கோப்பை. கிளீவ்லாந்து 2016-இல் 30-11 என்று கிழக்கில் முதலிடத்தில் இருந்த டேவிட் பிளாட்டை நடுவிலேயே மாற்றி டைரன் லூவைக் கொண்டுவந்தது, அந்த வருடமே கோப்பை.

விசில் | ஜூன் 1, இரவு 9:50

மில்வாக்கியை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2024 ஜனவரியில் 30-13 என்று இருந்த ஏட்ரியன் கிரிஃபினை அனுப்பினார்கள். டாக் ரிவர்ஸ் வந்து 17-19, முதல் சுற்றிலேயே வெளியே. ஃபீனிக்ஸ் மூன்று வருடத்தில் மூன்று கோச்சை அனுப்பியது, பிளேஆஃப் கணக்கில் ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தைவிட மோசம். கெர் கதையை எல்லோரும் சொல்வார்கள், டேவிட் லீக்கு அடிபட்டதால்தான் டிரேமண்ட் கிரீனுக்கு இடம் கிடைத்தது என்பதைச் சொல்லமாட்டார்கள்.

பழைய புல்ஸ் | ஜூன் 2, காலை 7:30

உதாரணம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும்விட நெருக்கமானது ஒன்று இருக்கிறது. அதில் வரும் ஆள் நேற்று எதிர் பெஞ்சில் நின்றுகொண்டிருந்தார்.

ரிக் கார்லைல் 2001-இல் டெட்ராய்ட் கோச் ஆனார். முதல் சீசன் 50 வெற்றி, ஆண்டின் சிறந்த கோச். இரண்டாவது சீசனும் 50 வெற்றி, கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரை வந்து நியூஜெர்சியிடம் 0-4. கண்டிப்பானவர், மேலிடத்தோடு பழகத் தெரியாதவர், இளசுகளை ஆடவிடமாட்டார் என்று பேச்சு. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? அனுப்பிவிட்டு லாரி பிரவுனைக் கொண்டுவந்தார்கள். 2004-இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் சாம்பியன். போகிற வழியில் கான்ஃபரன்ஸ் ஃபைனலில் அவர்கள் தோற்கடித்தது யாரை? 61 வெற்றியோடு வந்த இந்தியானாவை. அதன் கோச் கார்லைல்!

பேஸ்லைன் இதைப் பார்த்ததும் "பார்த்தீர்களா, மாற்றியதால் கோப்பை" என்பார். இருங்கள். அந்தப் பிப்ரவரியில் ரஷீத் வாலஸ் வந்தார், அவர் இல்லாமல் அந்த டிஃபென்ஸ் இல்லை. மாற்று ஆளாக வந்த லாரி பிரவுன் அன்றைக்கே பெரும் புள்ளி, அவரிடம் பேச்சு முடிந்த பிறகுதான் கார்லைலை விட்டார்கள் என்ற அளவுக்கு வேகமாக நடந்தது. இங்கே நிக்ஸ் நிர்வாகத் தலைவர் லியான் ரோஸ் சட்டைப் பையில் யார் இருக்கிறார்? ஒருவருமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அனுப்பப்பட்ட கார்லைலோ பின்னால் டாலஸுக்குப் போய் 2011-இல் கோப்பை வாங்கினார். "இவரால் இதற்கு மேல் முடியாது" என்று ஒரு கோச்சைப் பற்றி எழுதும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது ஆள் | ஜூன் 2, காலை 11:00

அண்ணே, கார்லைல் மாறினார். அதுதான் வித்தியாசம். டெட்ராய்ட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பெஞ்சிலிருந்து ஆட்டம் சொன்னவர், இன்றைக்கு ஹாலிபர்ட்டன் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். திபடோ 2011-இல் எப்படியோ 2025-லும் அப்படியே. ஜாஷ் ஹார்ட் சராசரி நிமிடத்தில் லீகிலேயே முதல், பிரிட்ஜஸ் மொத்த நிமிடத்தில் லீகிலேயே முதல். மார்ச்சில் பிரிட்ஜஸ் வாய்விட்டே சொன்னார், நிமிடத்தைக் குறைப்பது பற்றி கோச்சிடம் பேசினேன் என்று. திபடோ அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார். சிகாகோவில் அவர் கடைசிவரை ஆடவிட்ட நட்சத்திரம் டெரிக் ரோஸின் முழங்கால் போனபோது ஆட்டத்தில் ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லை, 12 பாயிண்ட் முன்னிலை. நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

பழைய புல்ஸ் | ஜூன் 2, காலை 11:25

மறக்கவில்லை. முழங்கால் எந்த நிமிடத்திலும் போகும் என்பதும் தெரியும். ஆனாலும் அந்த ஒன்றுக்கு என்னிடம் நல்ல பதில் எப்போதும் இருந்ததில்லை.

பேஸ்லைன் | ஜூன் 3, இரவு 11:05

முடிந்தது. அனுப்பிவிட்டார்கள். கோப்பை ஒன்றே குறி, அதனால் வேறு திசையில் போகிறோம் என்று லியான் ரோஸ் அறிக்கை விட்டிருக்கிறார். போன ஜூலையில்தான் மூன்று வருட நீட்டிப்பு கொடுத்தார்கள். அந்த நீட்டிப்பு இன்னும் தொடங்கக்கூட இல்லை.

ஜெர்சி அக்கா | ஜூன் 3, இரவு 11:20

1999-இல் நிக்ஸ் கடைசியாக ஃபைனல் போனபோது தலைமை கோச் வான் கண்டிக்கு உதவி கோச்சாக அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் திபடோ. 2000-க்குப் பிறகு கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரை கொண்டுவந்ததும் அவர்தான். மூன்று நாள் பொறுக்க முடியவில்லை இவர்களுக்கு. உரிமையாளர் டோலன் கொஞ்ச காலம் அமைதியாக இருந்தாரே என்று பார்த்தேன்.

விசில் | ஜூன் 3, இரவு 11:30

மறுபடி கேட்கிறேன். யார் வருவார்?

விசில் | ஜூன் 14, காலை 8:15

யாரும் பதில் சொல்லாததால் நானே. டாலஸிடம் ஜேசன் கிட்டைப் பேச அனுமதி கேட்டார்கள், மறுப்பு. ஹூஸ்டனிடம் உடோகா, மறுப்பு. மின்னசோட்டாவிடம் ஃபின்ச், அட்லாண்டாவிடம் ஸ்னைடர், சிகாகோவிடம் டோனவன். எல்லா இடத்திலும் கதவைச் சாத்திவிட்டார்கள். வேறு வீட்டில் வேலையில் இருக்கும் ஐந்து பேரிடம் போய் நிற்பதைப் பார்த்தால் ஜூன் 3-ஆம் தேதி கையில் ஒரு பெயரும் இல்லை என்பது உறுதி.

பழைய புல்ஸ் | ஜூன் 14, காலை 8:40

அந்த ஐந்தில் இரண்டு அணி, சிகாகோவும் மின்னசோட்டாவும், திபடோவை அனுப்பிய அணிகள். அவர்களிடமே போய் "உங்கள் இப்போதைய கோச்சைக் கொடுங்கள், நாங்களும் அவரை அனுப்பிவிட்டோம்" என்று நிற்பது... சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆறாவது ஆள் | ஜூன் 14, காலை 10:10

கேட்டுப் பார்ப்பதில் என்ன கேவலம்? பெரிய கோச் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது பட்டியல். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், முதலில் ரகசியமாகத் தூது விட்டுவிட்டு அப்புறம் அனுப்பியிருக்கலாம்.

பேஸ்லைன் | ஜூலை 3, காலை 9:00

மைக் பிரவுன்! எனக்குத் திருப்தி. சாக்ரமென்டோவில் 16 சீசன் பிளேஆஃப் பார்க்காத அணியை முதல் வருடமே 48 வெற்றிக்குக் கொண்டுபோனவர். அந்த வருடம் அவர்களுடைய அஃபென்ஸ்தான் லீகில் முதலிடம். இரண்டு முறை ஆண்டின் சிறந்த கோச். 2017 பிளேஆஃபில் முதுகுவலியால் கெர் உட்கார்ந்தபோது கோல்டன் ஸ்டேட்டை ஒரு தோல்விகூட இல்லாமல் நடத்தியவர். பந்தும் ஆளும் நகரும் ஆட்டம், பிரன்சன் ஒருவரே 20 நொடி தட்டிக்கொண்டு நிற்கும் ஆட்டம் இனி இருக்காது.

பழைய புல்ஸ் | ஜூலை 3, காலை 9:35

கிளீவ்லாந்தில் லெப்ரானோடு இருந்தபோது அவர் டிஃபென்ஸ் கோச் என்றுதான் பெயர் வாங்கினார். அஃபென்ஸே தெரியாது என்று அன்றைக்குத் திட்டினார்கள். லேக்கர்ஸ் ஒரு சீசன் தொடங்கி ஐந்தாவது ஆட்டத்தோடு அனுப்பியது. மோசமான கோச் என்று சொல்லவில்லை, நல்ல கோச்தான். திபடோவைவிட ஒரு படி மேலா என்றால் தயங்குகிறேன்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? கோச் பெயர் வெளியாவதற்கு முன்பே ஜார்டன் கிளார்க்சன், யாபுசேலே இருவரும் வருவது செய்தியாகிவிட்டது. அதாவது பெஞ்ச் வெறுமையாக இருந்தது மேலிடத்துக்கே தெரியும். அந்தப் பெஞ்சை வைத்து ஆடியவரை அனுப்பிவிட்டு, பெஞ்சை நிரப்பி, புதியவர் கையில் கொடுக்கிறார்கள். பிரவுன் 55 ஜெயித்தால் நீங்கள் எல்லோரும் இந்த இழையைத் தோண்டி எடுத்து "சொன்னோமே" என்பீர்கள். அப்போது கிளார்க்சன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆறாவது ஆள் | ஜூலை 3, பகல் 12:20

சேர்த்தே சொல்கிறோம் அண்ணே. என் அளவுகோல் வெற்றி எண்ணிக்கை இல்லை. ராபின்சனும் டவுன்ஸும் ஒன்றாகத் தொடங்குகிறார்களா, பெஞ்சிலிருந்து வரும் மெக்பிரைட்டுக்கு நிமிடம் கூடுகிறதா, பிரிட்ஜஸ் ஜனவரியில் எவ்வளவு ஆடுகிறார். இந்த மூன்றும் நவம்பர் டிசம்பரிலேயே தெரிந்துவிடும். மாறவில்லை என்றால் கோச்சை மாற்றியது வீண் என்று நானே எழுதுகிறேன்.

விசில் | ஜூலை 3, மாலை 5:50

சரி, பிரவுன் 51 ஜெயிக்கிறார், மறுபடி கான்ஃபரன்ஸ் ஃபைனலில் ஆறாவது ஆட்டத்தில் தோற்கிறார். அவரையும் அனுப்புவார்களா?

ஜெர்சி அக்கா | ஜூலை 3, மாலை 6:30

அனுப்பினால் ஐந்து அணிக்கு மறுபடி கடிதம் போடுவார்கள். விலாசம்தான் கையில் இருக்கிறதே.